வாசலுக்குப் போட்ட கறுப்புத் துணி

இது நடந்தது. கதை இல்லை.

நான் பேயை நம்புகிறவன் இல்லை. மனுஷனையே சுலபத்தில் நம்பமாட்டேன். சினிமாக் கம்பெனியில் ஜெனரேட்டர் வண்டி ஓட்டிப் பிழைத்தவன். அங்கே ஒருத்தன் 'இதோ வந்துட்டேன்' என்றால் அவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். அதனால் என் மாப்பிள்ளை சொன்னதை மட்டும் வைத்து இதை எழுதவில்லை. கத்தியால் கிழித்தது என் கை. தையலைத் தடவிப் பார்த்தது என் விரல். பயந்த சுபாவம் உள்ளவர்கள் இதை மத்தியானத்தில் படித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் இது நடந்ததே மத்தியானத்தில்தான்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். காலர், பாக்கெட், இடுப்பு என்று உடம்பெல்லாம் கிளிப் மாட்டிக்கொண்டு திரிவதால் செட்டில் அவன் பெயர் கிளிப்பு. படப்பிடிப்பில் வெளிச்சம் போட ஆள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். வெளிச்சத்தை அடைக்கவும் ஆள் உண்டு. பட்டப்பகலில் ராத்திரி சீன் எடுக்க வேண்டுமென்றால் ஜன்னல், கதவு, பால்கனி என்று ஒன்று விடாமல் கனத்த கறுப்புத் துணியால் மூட வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கேமராவில் நட்சத்திரம் மாதிரி அடிக்கும். அந்த வேலைதான் கிளிப்புக்கு.

அவனுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் கும்மிருட்டு. பெயர் வைத்தது கேமராமேன். அந்த மனுஷர் துணி கட்டினால் நம் கை நமக்குத் தெரியாது. எல்லாரும் 'போதும்ணே, இருட்டாயிடுச்சு' என்று வெளியே வந்த பிறகும் அவர் மட்டும் உள்ளே நிற்பார். கண் இருட்டுக்குப் பழக வேண்டும். பழகின பிறகு ஒரு குரல் வரும்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

இருக்கும். எங்கேயாவது ஒரு மூலையில் ஒரு பொட்டு வெளிச்சம். வீட்டிலேயே நூல் கோத்துக் காலரில் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்து நின்ற இடத்திலேயே அதைத் தைத்து மூடுவார். உள்ளே வருகிறவன் வாச்சு கட்டக்கூடாது. போன் கொண்டுவரக்கூடாது. மின்னுகிற பொருள் எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது.

ஒரு நாள் மொட்டைமாடியில் துணி கட்டும்போது காற்று துணியோடு சேர்த்து அவரையும் தூக்கிவிட்டது. துணியை விட்டிருந்தால் பிழைத்திருப்பார். விடவில்லை.

அவர்தான் என் தங்கையின் முதல் புருஷன்.

தங்கை கொஞ்ச வருஷம் தனியாக இருந்தாள். பிறகு கிளிப்பு வந்து கேட்டான். நான் நிறைய யோசித்தேன். அவள் யோசிக்கவே இல்லை, சரி என்றாள். அதையே அவன் குறையாக எடுத்துக்கொண்டான்.

"யோசிக்காம சரின்னா என்ன அர்த்தம் மச்சான்? யாரா இருந்தாலும் சரின்னுதானே?"

செத்தவன் மேல் பொறாமைப்படுவதில் இருக்கிற கொடுமை வேறு எதிலும் இல்லை. உயிரோடு இருப்பவனுக்கு வழுக்கை விழும், தொந்தி வைக்கும், எங்கேயாவது அசிங்கப்பட்டு நிற்பான். நமக்கும் மனசு ஆறும். செத்தவன் அப்படியே இருப்பான். அவனை எந்தப் பக்கம் இடித்தாலும் இடம் கொடுக்கமாட்டான்.

வீட்டில் பீரோவுக்கு மேல் ஒரு கறுப்புத் துணி இருந்தது. கும்மிருட்டு கடைசிவரை விடாமல் பிடித்திருந்த துணி. ஓரம் முழுக்க என் தங்கை கையால் மடித்துத் தைத்தது. அவ்வப்போது அவள் அதை இறக்கி, கொல்லையில் வெயிலுக்கு எதிரே பிடிப்பாள். ஓட்டை தெரிகிற இடத்தில் உட்கார்ந்து தைப்பாள். கிளிப்பு கதவருகே நின்று பார்ப்பான். துணி தெரியும். துணிக்குப் பின்னால் இருக்கிற அவள் தெரியமாட்டாள்.

"அது எதுக்கு இன்னும்?"

"நல்ல துணிங்க. சும்மா போட்டா பூச்சி அரிச்சிடும்."

அவ்வளவுதான் பதில்.

அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் ஒரு வாச்சு. கல்யாணமான புதிதில் தங்கை வாங்கிக் கொடுத்தது. முள்ளும் எண்ணும் இருட்டில் பச்சையாக மின்னும்.

"அவருக்கு இந்த மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்காளா மச்சான்?"

"அவரு வாச்சே கட்டமாட்டாரே மாப்ளே" என்றேன்.

அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூட அதை அவன் கழற்றவில்லை.

அப்போது ஒரு பழைய மூன்று மாடி வீட்டில் படப்பிடிப்பு. மேல்மாடிப் படுக்கையறையில் ராத்திரி சீன். வீட்டுக்காரர் பகலில்தான் விடுவேன் என்றுவிட்டார். முதல் நாளே கேமராமேன் கிளிப்பைக் கூப்பிட்டு மானிட்டரைக் காட்டினார்.

"மூலையில பாரு, வெள்ளையா. கும்மிருட்டு இருந்தப்போ இதெல்லாம் நான் பார்த்ததே இல்லய்யா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிளிப்பும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். நல்லதுக்கில்லை என்று அப்போதே நினைத்தேன்.

மறுநாள் காலை. தங்கை தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பீரோ மேலிருந்த துணி அவன் பைக்குள் போய்விட்டது. செட்டில் அதை அவன் ஜன்னலுக்குப் போடவில்லை. அறை வாசலுக்குப் போட்டான். வருகிறவன் போகிறவன் எல்லாம் தோளால் இடிக்கட்டும், எண்ணெய்க் கையால் தள்ளட்டும், தரையில் புரளுகிற நுனியை மிதிக்கட்டும் என்று. சாயங்காலத்துக்குள் அது வீட்டுக்குக் கொண்டுபோக லாயக்கில்லாமல் ஆகிவிட வேண்டும். அதுதான் அவன் கணக்கு. ஓரத் தையலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தங்கச்சிகிட்ட கேட்டியா மாப்ளே?"

"எதுக்குக் கேக்கணும்? என் வீட்டுத் துணி."

மத்தியானம் சாப்பாட்டு பிரேக். கீழே நான் ஜெனரேட்டரை நிறுத்தினேன். மேலே விளக்கெல்லாம் அணைந்தன. எல்லாரும் இறங்கி வந்தார்கள். கிளிப்பு வரவில்லை. ஓட்டை பார்த்துவிட்டு வருகிறேன் என்றானாம். கூட ஒருத்தரையும் வைத்துக்கொள்ளவில்லை.

அதுதான் தப்பு. ஓட்டை பார்க்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவன் வெளிச்சப் பொட்டைக் கம்பால் குத்திக் காட்டுவான். வெளியே இருப்பவன் அந்த இடத்தை அடைப்பான். இவனுக்கு அவரைப்போலத் தனியாக நின்று பார்க்க வேண்டும்.

இனி அவன் சொன்னது.

வாசலில் இரண்டு துணி தொங்கின. ஒரு பக்கம் கும்மிருட்டின் துணி, மறுபக்கம் கம்பெனித் துணி. நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதை விலக்கி உள்ளே போனான். துணி பின்னால் மூடிக்கொண்டது. நடு அறையில் நின்றான். கண் பழகட்டும் என்று காத்திருந்தான்.

மெல்ல மெல்லத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் ஒரு பொட்டு. அதற்குக் கீழே இன்னொன்று. பால்கனிப் பக்கம் சிதறினாற்போல் நாலைந்து. வெளியே ஆள் இல்லை என்பது நினைவிருந்தது. ஆனாலும் கைப்பழக்கம். கம்பை எடுத்து முதல் பொட்டைக் குத்தினான்.

பொட்டு அணைந்தது.

மேகமாக இருக்கும் என்று நினைத்தான். மேகம் என்றால் எல்லாமே மங்க வேண்டும். மற்றவை பளிச்சென்றுதான் இருந்தன.

அடுத்ததைக் குத்தினான். அதுவும் அணைந்தது.

"யாருப்பா வெளியே?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அது மூன்றாவது மாடி ஜன்னல். வெளியே சாரம் கட்டவில்லை. நிற்பதற்கு ஒரு செங்கல் அகலம்கூட இல்லை. கீழே நேராகத் தெரு.

கம்பை இறக்கினான். இனி குத்துவதில்லை என்று நின்றான்.

பால்கனிப் பக்கம் ஒன்று தானாகவே அணைந்தது. அதற்கு முன்னால் ஒரு சத்தம். மெல்லிசாக...

புச்...

சர்ர்ர்...

கனத்த துணியில் ஊசி இறங்குகிற சத்தம். பின்னாலேயே நூல் இழுபடுகிற சத்தம். தங்கை தைக்கும்போது பக்கத்தில் படுத்துக் கேட்டுக் கேட்டு அவனுக்கு மனப்பாடமான சத்தம். அது துணிக்கு வெளியிலிருந்து வரவில்லை.

அறைக்குள்ளிருந்து வந்தது.

புச்... சர்ர்ர்... இன்னொரு பொட்டு போனது. பிறகு இன்னொன்று. அந்தப் பயத்திலும் அவனுக்கு ஒன்று தோன்றியதாம். 'என்னமா தைக்கிறான் பாவி.'

கடைசிப் பொட்டும் போனது.

இருட்டு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

வாசல் இருக்கிற திசைக்குக் கையை நீட்டிக்கொண்டு நடந்தான். துணி கையில் பட்டது. இரண்டு துணியும் சேருகிற இடத்தைத் தடவினான். விலக்கினான்.

விலகவில்லை.

காலடியில் சத்தம் கேட்டது.

புச்... சர்ர்ர்...

முழங்கால் உயரத்தில்.

புச்... சர்ர்ர்...

இடுப்பில். மார்பில். மூக்குக்கு நேரே...

இடது கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தான். வாச்சு மின்னியது. மணி ஒன்று பத்து. அந்தப் பச்சை வெளிச்சத்தில் ஒரு சாண் அளவுக்குத் துணி தெரிந்தது. அதில் ஒரு ஊசி. போகிறது... வருகிறது...

பிடித்திருக்கும் கை தெரியவில்லை.

ஊசி நின்றது.

காதோரம், சாவகாசமாக ஒரு குரல்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

அவன் மணிக்கட்டை ஏதோ பிடித்தது. சில்லென்று இல்லை. சூடும் இல்லை. துணி மாதிரி இருந்தது.

பச்சை அணைந்தது.

எல்லாரும் சாப்பிட்டு முடித்தும் அவன் வரவில்லை என்று நான் மேலே போனேன். வாசலில் நின்று "மாப்ளே" என்றேன். சத்தமே இல்லை. துணியை விலக்கப் பார்த்தேன். சுவர் மாதிரி நின்றது. வயர் வெட்டுகிற கத்தியால் கிழித்துக்கொண்டு உள்ளே போனேன். தரையில் உட்கார்ந்திருந்தான். இடது கையை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டிருந்தான். டார்ச்சை எடுத்தேன்.

"போடாதீங்க மச்சான். கோவப்படுவாரு."

போட்டேன்.

வாசல் துணி இரண்டும் தரையிலிருந்து தலைக்கு மேல்வரை சேர்த்துத் தைத்திருந்தது. எறும்பு வரிசை மாதிரி சின்னச் சின்னத் தையல். ஜன்னலில், பால்கனியில், ஓட்டை இருந்த இடத்தில் எல்லாம் அதே தையல். முடிச்சு எல்லாம் உள்பக்கம். நான் முதலில் அவனைத்தான் சந்தேகப்பட்டேன். என் சுபாவம் அப்படி. சட்டை, பை, அறை மூலை எல்லாம் தேடினேன். கிளிப் இருந்தது. ஊசி இல்லை. நூல் இல்லை. அதோடு, அவனுக்குப் பொத்தான் தைக்கவே வராது.

கீழே வெயிலுக்கு இழுத்து வந்த பிறகுதான் அவன் கையைப் பார்த்தேன். வாச்சு கையில்தான் இருந்தது. டயலை மூடி ஒரு கறுப்புத் துண்டு. வாரோடு சேர்த்துச் சுற்றிலும் தைத்திருந்தது. தோலில் ஒரு குத்துகூட இல்லை. தையலை அறுத்தேன். வாச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த முள் இருட்டில் மின்னவே இல்லை.

கிழிந்த இடத்தைக் கிளிப் போட்டு மூடி, வேலை மறுபடி ஆரம்பித்தது. கேமராமேன் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

"இதுதான்யா இருட்டு. இன்னிக்குத்தான் அவர் கட்டின மாதிரி இருக்கு."

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கிளிப்பு அதைக் கேட்டான்.

இருட்டுவதற்கு முன் அவனை நான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். துணியை அவன் தொடமாட்டேன் என்றுவிட்டான். நான்தான் சுருட்டி எடுத்துப்போனேன். தங்கை கதவைத் திறந்தாள். முதலில் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு துணியை வாங்கிக்கொண்டாள். கிழிசலைப் பார்த்தும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"துணி காணோம்னு நீ தேடலையா?"

"இல்லண்ணே. யாருகிட்ட இருக்குன்னு தெரியும்."

"யாரு சொன்னது?"

"மத்தியானம் சாப்பிட்டு உக்காந்திருந்தேன். அவரு வந்தாரு."

"எவரு?"

"அவருதான்."

"கண் அசந்திருப்பே. கனவு."

"இருக்கும்ணே. என் டப்பாவுல இருந்த ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டி, கோத்துக் குடுன்னாரு. அவருக்கு எப்பவும் நூல் கோக்க வராது, நான்தானே கோத்துக் குடுப்பேன். குடுத்தேன். கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து இன்னொரு நூல் கேட்டாரு. அதுக்குள்ள எல்லாம் தெச்சாச்சான்னு கேட்டேன். இன்னும் ஒண்ணு இருக்குன்னாரு."

பின்னால் நிழல் விழுந்தது. கிளிப்பு வந்து நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். மூஞ்சியில் இப்போது பயம் இல்லை. மத்தியானம் செத்துப் பிழைத்தவன், என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று எதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான்.

"அவரு கேட்டதும் கோத்துக் குடுத்துட்டியா?"

"கேட்டாரு. குடுத்தேன்" என்றாள். "நீங்க துணியைக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்."

எனக்கு அந்த ஊசியை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பார்த்தால் கனவு என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாம். அவள் தையல் டப்பாவைத் திறந்தேன். போன வாரம் வாங்கின கறுப்பு நூல்கண்டில் நூல் இல்லை. வெறும் அட்டை.

"ஊசி எங்கேம்மா?"

"திருப்பித் தரலண்ணே. மூணாவது தடவையும் வந்து கோத்து வாங்கிட்டுப் போயிட்டாரு."

"மூணாவதா? எப்போ?"

அவள் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் பார்த்தாள்.

"இப்பத்தான். நீங்க கதவைத் தட்டறதுக்குக் கொஞ்சம் முந்தி."