கிம்மிருட்டில் இறங்கிய கட்டில்

லூக்காசி தண்ணி லாரிக் குழாயின் இரும்பு வாயை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார். அக்டோபர் பிறந்து மூன்று நாள்தான். அதற்குள் வாயில் பனி கட்டி, என் வீட்டுச் சுவரிலிருக்கும் தொட்டிக் குழாயோடு பொருந்த மறுத்தது. ஊதினார், தேய்த்தார், மறுபடி பொத்தினார்.

"கையுறை எங்க?" என்று கேட்டேன்.

"வண்டியில இருக்கு அக்கா. அதுக்கும் குளிருமில்ல."

"தோல் ஒட்டிக்கிட்டு உரிஞ்சா கட்டுப் போட என்கிட்டதான் வரணும்."

"அதுக்குத்தான் உங்க வாசல்லயே உரிச்சுக்கறேன்."

குழாய் பொருந்தியது. தண்ணீர் ஏறும் சத்தம் சுவருக்குள் கேட்டது. அவர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு கீழே குடாவைப் பார்த்தார். தெற்கிலிருந்து சாமான் ஏற்றிவரும் கப்பல் முந்தின மாலை வந்து நங்கூரமிட்டிருந்தது. அந்த வருடத்தின் கடைசிக் கப்பல். அதில் அவருடைய கட்டில் இருப்பதாக நாங்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

வடதுருவப் பக்கத்துப் பனி ஊரான எங்கள் இக்காலுவிட்டில் தண்ணி லாரி ஓட்டுகிறவர்களில் லூக்காசிதான் மூத்தவர். வயது அறுபத்தொன்று. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு நாள் சுற்றில் இருபது வீடு; இப்போது நாற்பதுக்கு மேல். ஒவ்வொரு கோடையிலும் மேட்டுப் பக்கம் ஒரு தெரு முளைக்கிறது. அலுவலகம் வருகிறது, அலுவலகத்துக்கு ஆள் வருகிறார்கள், லாரி மட்டும் பழைய எண்ணிக்கையில் நிற்கிறது. பள்ளத்தில் இரண்டு அறை வீடொன்றில் பதினொரு பேர் இருந்தார்கள். அந்தத் தொட்டி தினமும் காலி. லூக்காசியின் தொட்டிக்கு மாதத்துக்கு இரண்டு தடவை ஊற்றினால் போதும். ஒற்றை ஆள் எவ்வளவு செலவழிப்பார்?

அவர் மனைவி லீதியா பதினான்கு மாதமாகத் தெற்கே தலைநகர் ஒட்டாவாவில் இருந்தாள். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. விமானத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தது. பிறகு அங்கேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்தார்கள். அவளுக்கு இருந்த ஆங்கிலம் அத்தனையும் போய், எங்கள் பாஷையில் முப்பது நாற்பது சொல் மிஞ்சியது. அதைப் புரிந்துகொள்ள அந்த இல்லத்தில் ஆள் இல்லை. தினமும் மாலை ஏழு மணிக்கு லூக்காசி போன் போடுவார். அன்றைக்கு எந்தெந்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினார் என்று வரிசையாகச் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில் ஒரே கேள்வி: "பெட்டி வந்துச்சா?"

மின்சாரத்தில் ஏறி இறங்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஆளைத் தூக்கும் சிறு எந்திரமும் வைத்த மரப்பெட்டி அது. இரண்டும் வீட்டில் இருந்தால்தான் லீதியாவை அனுப்புவோம் என்று ஒட்டாவா சொல்லிவிட்டது. அதில் தப்பில்லை; நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவள் நான். தாழ்ந்த மெத்தையிலிருந்து ஒருத்தியைத் தினமும் ஆறு தடவை தூக்கினால், தூக்குகிறவரின் முதுகு ஆறு மாதத்தில் போய்விடும். அப்புறம் வீட்டில் இரண்டு நோயாளிகள். பலகையில் தானே கட்டில் அடிக்கிறேன் என்று லூக்காசி கிளம்பியபோது இதைச் சொல்லித்தான் நிறுத்தினேன்.

அவகாசம் அக்டோபர் முப்பத்தொன்று. அதற்குள் அவள் வீடு திரும்பாவிட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவளை இன்னும் தெற்கே ஒரு நிரந்தர இல்லத்துக்கு மாற்றப் போவதாகக் கடிதம் வந்திருந்தது. அப்படி மாற்றப்பட்டவர்களில் உயிரோடு ஊர் திரும்பிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அப்போது புதுத் துறைமுகம் இல்லை. கப்பல் குடாவின் நடுவில் நிற்கும். கடல் ஏறும் நேரம் பார்த்து மிதவைகள் சாமான்களைக் கரைக்குக் கொண்டுவரும். கடல் வற்றினால் வேலை நிற்கும். முதல் நாள் முழுக்கப் பலகையும் ஜன்னல் சட்டமும் இறங்கின. மேட்டில் கட்டுகிற நான்கு கட்டிடங்களுக்கு. இரண்டாம் நாள் வண்டிகள், கடைகளுக்கு மாவு மூட்டை. மூன்றாம் நாள்தான் வீட்டுக்காரர்களின் பெட்டிகள். லூக்காசி ஒவ்வொரு ஏற்றத்துக்கும் லாரியைக் கரையோரம் நிறுத்திவிட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் கடற்கரை காலியானது. நானும் போயிருந்தேன்.

கப்பல் கம்பெனிக்காகப் பட்டியல் வைத்துக்கொண்டு நின்றவள் நீவி, எங்கள் ஊர்ப் பெண்தான்.

"இன்னும் எத்தனை மிதவை நீவி?"

"முடிஞ்சுது மாமா. இதான் கடைசி."

"என் பெட்டி?"

"இக்காலுவிட் பட்டியல்ல உங்க பேரு இல்லயே."

"இல்லாம எப்படி? ஜூன்லயே பதிஞ்சேன்."

நீவி கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு மற்ற ஊர்ப் பக்கங்களைப் புரட்டினாள். "இருக்கு. லூக்காசி பட்லுக். ஒரு பெட்டி, இருநூத்திப் பத்து கிலோ. எட்டு நாள் முன்னாடி கிம்மிருட்டுல இறக்கியாச்சு. வாங்கிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்காரு. லூக்காசி பட்லுக்."

"நான் போடலயே."

"நீங்க போடல மாமா. உங்க எலும்பு போட்டிருக்காரு."

எங்களில் இறந்தவரின் பெயரைப் பிறக்கிற பிள்ளைக்கு வைப்போம். பெயரோடு ஆளும் திரும்பி வந்துவிடுகிறார். ஒரே பெயரைச் சுமக்கிறவர்கள் ஒருவரையொருவர் எலும்பு என்று கூப்பிடுவார்கள். பட்லுக் குடும்பத்தின் கிழவர் லூக்காசி ஓர் அக்டோபரில் கடலில் மூழ்கிப் போனார். அடுத்த குளிர்காலத்தில் அந்தக் குடும்பத்தில் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தன, ஒன்று இங்கே, ஒன்று கிம்மிருட்டில். இரண்டுக்கும் அவர் பெயர். கிம்மிருட்காரர் லீதியாவை 'என் பொண்டாட்டி' என்பார். அவள் அவரைக் 'கிழவா' என்பாள். யாரும் அதை வெறும் விளையாட்டாக நினைப்பதில்லை.

இரண்டு வருடம் முன்பு கிம்மிருட்காரருக்குப் படகு எந்திரம் தேவைப்பட்டது. கணினிப் பக்கம் அவர் போக மாட்டார். லூக்காசிதான் கப்பல் கம்பெனியில் பெயரைப் பதிந்து வரவழைத்துக் கொடுத்தார். அந்த ஜூனில் கட்டிலுக்காகக் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தபோது பெயர் தயாராக நின்றது. "அதே பேரு, அதே ஆளு. ரெண்டாவது பதிவு எதுக்குன்னு நெனச்சேன் அக்கா" என்றார். கீழே ஊர் என்றிருந்த கட்டத்தை அவர் பார்க்கவேயில்லை. தெற்கத்திக்காரர் ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

கிம்மிருட் எங்களிடமிருந்து மலைக்கு அந்தப் பக்கம், நூற்றிருபது கிலோமீட்டர். சாலை கிடையாது. பனி இறுகிச் சறுக்குவண்டி போக ஜனவரி ஆகும். சின்ன விமானம் ஒன்று போய்வருகிறது. ஆனால் கட்டிலோ கழற்ற முடியாத ஒற்றைச் சட்டம். விமானக் கதவுக்குள் நுழையாது.

அவர் வீட்டு அடுக்களையிலிருந்து கிம்மிருட்டுக்குப் போன் போட்டோம். நான் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டேன்.

"எலும்பு, நீயாடா. இந்தக் கட்டில் யாருது?" என்றது அந்தக் குரல். "படகு சாமான்னு நெனச்சுப் பிரிச்சேன். பட்டனை அமுக்கினா காலு மேல போகுது. எம் வீட்டுக்காரி ஒரு வாரமா அதுலதான் படுத்திருக்கா. எறங்க மாட்டேங்கறா."

"எறங்கச் சொல்லு. லீதியாவுது."

அந்தப் பக்கம் அவர் மனைவியை எழுந்திருக்கச் சொல்வது கேட்டது. பிறகு, "உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல நான். சரி விடு. படகுல ஏத்திட்டு நாளைக்கே கெளம்பறேன்" என்றார்.

"வேணாம்."

"நாலு நாள். முனையைச் சுத்திட்டேன்னா அப்புறம் குடாதானே."

"இது அக்டோபர். நம்ம பேரு ஏற்கனவே ஒரு தடவை அந்த முனையில முழுகியிருக்கு. ஒரு தடவை போதும்."

லூக்காசி மேசையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டிக் கூட்டி ஓரிடத்தில் சேர்த்தார். இப்படியே விட்டால் இரண்டு கிழவர்களும் விடியும்வரை மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நான் போனைப் பக்கத்தில் இழுத்தேன்.

"கட்டிலை எங்க போட்டிருக்க?"

"மக ரூம்ல. அவதான் இக்காலுவிட்டுல வேலை கெடச்சுப் போயிட்டாளே. ரூம் சும்மாதான் கெடக்குது."

"வாசல்ல எத்தனை படி?"

"மூணு."

"பெட்டிப் பலகை இருக்கா?"

"விறகுக்கு வச்சிருக்கேன்."

"எரிக்காத. சாய்தளம் அடி. சக்கர நாற்காலி ஏறணும். உங்க ஊர் நர்ஸ்கிட்ட நான் பேசறேன். கட்டில் லீதியாகிட்ட வர முடியலன்னா லீதியா கட்டில்கிட்ட வரட்டும்."

லூக்காசி தலை நிமிர்ந்தார். "அது என் வீடு இல்லையே அக்கா."

"யாரு சொன்னா?" என்றார் கிம்மிருட்காரர். "கதவுல என்ன பேரு எழுதியிருக்குன்னு வந்து பாருடா."

லூக்காசியும் கூடப் போகலாமே என்று தோன்றும். அவர் இருப்பது வீட்டு வாரியத்தின் வீடு. எட்டு வாரம் பூட்டிக் கிடந்தால் வரிசையில் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அந்த வரிசையின் நீளம் தண்ணீர் ஊற்றுகிறவருக்குத் தெரியாதா? அவர் போய்விட்டால் ஜனவரியில் லீதியா திரும்பி வர வீடு இருக்காது. அவர் இருந்தாக வேண்டும்.

கிம்மிருட் நர்ஸ் ஒரு மணி நேரத்தில் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுச் சரியென்றாள். தினம் இரண்டு வேளை பராமரிப்புக்கு அங்கே ஒருத்தி இருக்கிறாள். நான் பழக்கிய பெண். கட்டிலில் படுத்திருந்த கிம்மிருட்காரரின் மனைவியே மற்ற நேரம் பார்த்துக்கொள்வாள். எல்லாம் பொருந்திவிட்டது. லூக்காசி எழுந்து போய், எங்கள் குளிர்க்கடலில் கிடைக்கும் சார் மீனை வெட்டினார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். தின்றோம்.

ஏழு மணிக்கு ஒட்டாவாவுக்குப் போன் போட்டார். நான் கிளம்ப எழுந்தேன். கையைக் காட்டி உட்கார வைத்தார். வழக்கம்போல வீடுகளிலிருந்துதான் தொடங்கினார். மேட்டுத் தெருவில் நீல வீடு, அதற்கடுத்தது, போதகர் வீடு, பதினொரு பேர் இருக்கிற வீடு. அவர் பாதியில் நிறுத்தும் முன்பே அவள் குறுக்கிட்டாள்.

"பெட்டி?"

"வந்துச்சு. கிம்மிருட்டுல எறங்கிருச்சு. என் தப்பு." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக, நான் சொல்லிக் கொடுத்தபடி.

"கிழவன் வீடா?"

"ஆமா. அவன் வீடு."

"நீ?"

"நான் இங்க. பனி இறுகினதும் போய்க் கட்டிலை இழுத்துட்டு வருவேன். நீ விமானத்துல வந்துருவ. ஜனவரியில."

அவளுக்குச் சொல் தேட நேரம் பிடிக்கும். நாங்கள் காத்திருந்தோம். தேடி எடுத்துவந்ததும் அதே சொல்தான்.

"நீ?"

லூக்காசி விட்ட இடத்திலிருந்து மிச்ச வீடுகளைச் சொன்னார். பள்ளிக்கூட ஆசிரியர் வீடு. அதற்குப் பின்னால் பச்சைக் கதவு. என் வீடு. அவள் கடைசிவரை கேட்டாள். அவர் போனை வைத்ததும் நான் இரண்டு தட்டையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "படியில பனி இருக்கு அக்கா, பாத்து."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒட்டாவா நர்ஸைப் பிடித்தேன். போய்ச் சேரும் ஊரை மாற்றி எழுதிக்கொண்டாள். பயணம் இருபத்தேழாம் தேதி என்றாள். கிம்மிருட் விமானம் இங்கிருந்துதான் கிளம்பும். லீதியா இக்காலுவிட்டில் இறங்கி மாறியாக வேண்டும். அதை லூக்காசியிடம் சொன்னேன். அவர் லாரியைக் கிளப்பி நேராக விமான நிலையத்துக்குப் போனார். நானும் ஏறிக்கொண்டேன். பயணச்சீட்டு கவுண்டரில் இருந்த பெண் நேரத்தைப் பார்த்துச் சொன்னாள்: ஒட்டாவா விமானம் பன்னிரண்டு நாற்பதுக்கு இறங்குகிறது, கிம்மிருட் விமானம் இரண்டு இருபத்தைந்துக்கு ஏறுகிறது.

அங்கிருந்து லாரிக் கொட்டகைக்குப் போய் விடுப்புச் சீட்டு கேட்டார். மேற்பார்வை பார்க்கிற ஜெரால்ட் அவர் எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

"அன்னைக்கு முழு நாளும் எடுத்துக்கய்யா. நான் யாரையாவது போட்டுக்கறேன்."

"வேணாம்" என்றார் லூக்காசி. "விமானம் போனப்புறம் நான் என்ன பண்றது?"

சீட்டில் இருபத்தேழாம் தேதி, பன்னிரண்டு நாற்பது முதல் இரண்டு இருபத்தைந்து வரை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆணியில் குத்திவிட்டு, அன்றைய முதல் வீட்டுக்குக் கிளம்பினார்.