மூடாத தொட்டி

காலையில் கொட்டகையில் வேலை தொடங்கும் முன் என் முதலாளியம்மா ஐலீன் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, பசை தடவிய ஓர் உருளையை என் முதுகில் மேலும் கீழும் உருட்டுவார். ஸ்வெட்டரில் ஒட்டியிருக்கும் தூசியும் நூலும் அதோடு வந்துவிடும். பிறகு நான் அவருக்கு உருட்டுவேன். முதலாளியும் வேலைக்காரியும் தினமும் ஒருவர் முதுகை ஒருவர் துடைத்துவிடும் இந்தக் கூத்தை எங்கள் ஊர் பூண்டியில் யாரிடமாவது சொன்னால், செல்விக்குக் குளிரில் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். கொடைக்கானலுக்கு ஏறுகிற கார்களை நிறுத்தி, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று குடைவார்களே, அதுதான் எனக்கு ஞாபகம் வரும். அங்கே பாட்டிலைத் தேடுகிறார்கள். இங்கே கண்ணுக்கே தெரியாததைத் தேடுகிறோம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கடல் நீளமாக நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் ஓரிடத்தில் நாங்கள் கறுப்புச் சிப்பி வளர்க்கிறோம். மசல் என்பார்கள் இவர்கள். பூண்டு பிடுங்கி வளர்ந்த எனக்குத் திருச்செந்தூரில் கால் நனைத்ததோடு கடல் சரி. இந்தச் சிப்பி நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு கடல்நீரை வடிகட்டித் தின்கிறது. நீரில் கலந்து கிடக்கும் பிளாஸ்டிக் துகளும் நூலும் அதன் குடலுக்குள் போகின்றன. சாப்பிடுகிறவர்கள் குடலோடுதான் சாப்பிடுகிறார்கள், ஆகவே அது மனிதர் வயிற்றுக்கும் வருகிறது. இதைக் குறைக்க ஐலீன் படும் பாடு கொஞ்சமல்ல. சிப்பி ஒட்டி வளரும் நைலான் கயிறுகளை அவிழ்த்துவிட்டுத் தேங்காய்நார்க் கயிறு கட்டினார். பிடித்த சிப்பியை, நுண்ணிய வடிகட்டி வழியாக வந்த கடல்நீர்த் தொட்டியில் இரண்டு நாள் போட்டுவைக்கிறோம். வயிற்றில் கிடப்பதில் பெரும்பகுதியை அது கழித்துவிடும். முழுசாகப் போகாது, குறையும். அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

என் விசா இந்தப் பண்ணையோடு முடிச்சுப் போட்டது. பண்ணை மூடினால் நானும் மூட்டை கட்ட வேண்டும். புலம்பெயர்ந்து எங்கெங்கோ இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் சிப்பியை மொத்தமாக எடுக்க ஒரு ஹோட்டல்காரர் முன்வந்திருந்தார்; அவர் எடுக்காவிட்டால் பண்ணை தாங்காது. ஆய்வகத்தில் சோதித்து, நூல் குறைவாக இருந்தால்தான் எடுப்பேன் என்றார். முதல் சோதனையில் தோற்றோம். இரண்டாவதிலும் தோற்றோம். கொடுமை என்னவென்றால், கடலிலிருந்து எடுத்த சிப்பியில் இருந்ததைவிடத் தொட்டியிலிருந்து எடுத்ததில் நூல் அதிகம். சுத்தமாக்கும் தொட்டிதான் அழுக்காக்குகிறது. ஐலீன் வடிகட்டியைக் கழற்றி மாட்டினார், குழாயை மாற்றினார், என் ஸ்வெட்டரைச் சந்தேகித்து அந்த உருளையை வாங்கி வந்தார். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: "தொட்டிப் பக்கம் புதிதாக ஏதாவது செய்கிறாயா, செல்வி?"

"புதிதாக ஒன்றும் இல்லை" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. சாயங்காலமானால் கடலிலிருந்து மூடுபனி எழுந்து, ஒரு பக்கம் திறந்து கிடக்கும் எங்கள் கொட்டகைக்குள் வரும். இந்த ஊரில் எனக்கு முதலில் சிநேகமானது அந்தப் பனிதான். பூண்டியில் பிடுங்கிய பூண்டைக் காயப்போட்டிருக்கும் நாட்களில், மேகம் இறங்குவதற்குள் உரச்சாக்கை விரித்து மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் ஏறி அழுகிவிடும். மூடாமல் வீட்டுக்குப் போகிறவளை ஊர் சும்மா விடாது. கல்யாணமான நாளிலிருந்து என் கை பழகிய வேலை அது. இங்கேயும் ஐலீன் வீட்டுக்குப் போன பிறகு, மூலையில் கிடந்த பெரிய பழஞ்சாக்குகளைப் பிரித்துத் தொட்டிகளை மூடிவிட்டுத்தான் கிளம்புவேன். காலையில் முதல் ஆளாக வந்து மடித்து வைப்பேன். சாயங்காலம் விளக்கை அணைப்பதைப் போய் யாராவது புதிய விஷயம் என்று சொல்வார்களா?

மூன்றாவது சோதனைக்கு ஆய்வகத்து ஆள் வரவேண்டிய நாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்காரர் தங்கராசை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"வெரசா சொல்லு செல்வி, மேகம் எறங்குது. மூடிட்டுப் பேசுறேன்" என்று போனைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, சாக்கை எடுத்து உதறினார். உதறிய வேகத்தில் வெள்ளையாக என்னவோ பறந்து பூண்டின் மேல் படிந்தது.

"ஏங்க, அது என்னங்க வெள்ளையா?"

"சாக்கு நூலு. பிளாஸ்டிக் சாக்குல்ல, வெயில்ல காஞ்சு பிஞ்சு கொட்டுது. கெடக்கு விடு, தோலை உரிச்சா எல்லாம் போயிருது."

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். பூண்டுக்குத் தோல் இருக்கிறது. தொட்டிக்குள் கிடப்பது வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நான்தான் தினமும் அதற்குப் பிளாஸ்டிக் நூல் ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

போனை வைத்துவிட்டு எழுந்தபோது வெளியே ஆய்வகத்து வண்டி வந்து நின்றது. சாக்கை எங்காவது திணித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் நேற்று உதிர்ந்த நூல் சிப்பியின் வயிற்றில் இருக்கிறதே, அதை எங்கே ஒளிப்பது? ஐலீனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொட்டகைக்கு அழைத்துப் போய்ச் சாக்கைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"புதிதாக ஒன்றும் இல்லை என்றாயே?"

"புதிது இல்லை. எங்கள் ஊரில் எப்போதும் மூடுவோம்."

"எதற்காக?"

"பனியில் நனைந்துவிடும்."

அவர் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "செல்வி, இவை தண்ணீருக்குள் இருக்கின்றன."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்போம். அவர் சிரிக்கவில்லை. நான் சாக்கை அவரிடம் நீட்டினேன். அவர் சாக்கின் ஓரத்தை விரலால் தேய்த்தார். மாவு மாதிரி உதிர்ந்தது. வெளியே போய் ஆய்வகத்து ஆளிடம் என்னவோ பேசி, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினார். ஹோட்டல்காரரிடம் போனில் நெடுநேரம் மன்றாடினார். திரும்பி வந்து என்னிடம் வாளியை எடுத்துக் கொடுத்தார். தொட்டிகளைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புது நீர் விட்டு, அதே சிப்பிகளைத் திரும்பப் போட்டோம். என்னைத் திட்டியிருந்தால் அந்த இரண்டு நாளும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. நூல் இருந்தது, ஆனால் முன்பிருந்ததில் கொஞ்சம்தான். ஹோட்டல்காரருக்கு அது போதும். ஐலீன் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, என்னைத் திருப்பி நிறுத்தி, துடைத்த முதுகிலேயே இன்னொரு தடவை உருளையை உருட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சாக்கு நூலால் வந்த வினையைத் தங்கராசிடம் முன்பே சொல்லியிருந்தேன். நேற்று மதியம் அவரைக் கூப்பிட்டேன். காயப்போட்ட பூண்டின் மேல் மஞ்சளும் பச்சையுமாக ஏதோ விரிந்து கிடந்தது.

"ஏங்க, அது என் சேலை மாதிரில்ல இருக்கு?"

"மாதிரி என்ன, உன் சேலைதான். பருத்தி நூலு உதுந்தாலும் மண்ணுல மக்கிரும்ல. மழைக்கு ஆகாது, பனிக்குத் தாங்கும். நீ அங்க கெடக்க, இது பெட்டியில சும்மா கெடந்து என்னத்துக்கு?"

சாயங்காலம் வழக்கம்போல மூடுபனி கொட்டகைக்குள் வந்தது. சிப்பிகள் வாயைத் திறந்தன. பழைய பழக்கத்தில் என் கை மூலைப் பக்கம் நீண்டது. அங்கே சாக்கு இல்லை. பூண்டியில் என் சேலை பனியில் நனைந்துகொண்டிருக்க, நான் ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, மூடாத தொட்டியின் பக்கத்தில் நின்றிருந்தேன்.