அலை இல்லாத இடம்

என் கணவருக்குத் தண்ணீரைக் கண்டால் வாய் மூடாது. பசறையில் ஆட்டோ ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பயணிகளோடு பேசியும் தீராத பேச்சு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓயாவில் இறங்கியதும் மறுபடி தொடங்கிவிடும். இந்த ஆற்றில் எங்கே குளிக்கலாம், எங்கே கால் வைக்கக் கூடாது, எங்கே பாசி, எங்கே பாறை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடக்கும். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். ஒரு வீட்டுக்கு இரண்டு வாத்தியார் எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்.

அவருடைய பாடத்தில் முதல் பாடம் இதுதான். தண்ணீர் வெள்ளையாக நுரைத்துச் சத்தம் போட்டால் அடியில் பாறை இருக்கிறது, கிட்டே போகாதே. சத்தமில்லாமல் விரிந்து கிடந்தால் இறங்கு. இது அவர் கண்டுபிடித்ததல்ல. மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் மகளும் அப்படியொரு அமைதியான மடுவில்தான் மல்லாந்து மிதக்கப் பழகினாள். தலையைப் பின்னால் போட்டு, வயிற்றை உப்பி, கையை விரித்துக்கொண்டு கிடப்பாள்.

போன ஆகஸ்ட் விடுமுறையில் அவளுக்கு ஏழு வயது. கடல் பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் விடிந்தும் விடியாததுமாகச் சோற்றையும் சம்பலையும் கட்டிக்கொண்டு எங்கள் ஆட்டோவிலேயே புறப்பட்டோம். மொனராகலைக்கு இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போனது. சியம்பலாண்டுவைக்கு அப்பால் இரண்டு பக்கமும் காடு, நடுவில் தார் ரோடு, ரோட்டில் காயாத யானைச் சாணம். எதிரே வந்த லொறிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். முன்னால் யானை நிற்கிறது, கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்றார்.

என்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். காட்டுக்குள் கிளை முறிகிற சத்தம் கேட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சே விடாமல் இருந்தாள்.

“ஏங்க, திரும்பிருவோமா?” என்றேன்.

“யானைக்குப் பயந்தா பசறையில தேத்தண்ணிக் கடதான் போடணும்” என்றார் அவர்.

எனக்கு அந்த நேரமே மனது சரியில்லை. ஏனென்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. யானை எங்கள் கண்ணில் படவேயில்லை. சத்தம் மட்டும் மெல்ல மெல்ல உள்ளே போனது. நாங்கள் கிளம்பினோம்.

வெளிநாட்டுக்காரர்கள் அலையில் சறுக்கும் பலகையோடு திரியும் பெரிய கடற்கரைக்கு நாங்கள் போகவில்லை. அங்கே ஓர் இளநீரின் விலை கேட்டாலே தாகம் தீர்ந்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பொத்துவில் தாண்டி, மணல் பாதையில் கொஞ்ச தூரம் போனால் அந்தப் பக்கத்து ஆட்கள் பிள்ளைகுட்டியோடு வந்து குளித்துவிட்டுப் போகும் இடம் ஒன்று இருக்கிறது என்றும் சொன்னார்களாம். அங்கேதான் போனோம்.

உண்மையில் கூட்டமே இல்லை. நாலைந்து குடும்பங்கள் ஒரே பக்கமாக இருந்தன. பெண்கள் உடுத்த உடுப்போடு நுரைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அலை வந்து அவர்களைப் புரட்டிக் கரையில் போட்டது, அவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பவும் போய் உட்கார்ந்தார்கள். தூரத்துப் பாறை முனையில் இரண்டு மூன்று பேர் பலகையில் நின்று அலையோடு வந்துகொண்டிருந்தார்கள். மகள் முதல் அலையின் சத்தத்தைக் கேட்டதும் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“இங்க வேணாம். பாத்தியா, எப்பிடி அடிக்குது” என்று என் கணவர் கரையோரமாக நடந்தார். கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைய, நடுவில் ஒரு துண்டு கடல் மட்டும் அலையே இல்லாமல் கிடந்தது. தட்டையாக, கொஞ்சம் கலங்கிய நிறத்தில், எங்கள் ஓயாவின் மடு மாதிரியே இருந்தது. அங்கே ஒரு ஆள் இல்லை. கரை மணலில் ஒரு காலடிகூட இல்லை.

“நமக்குன்னே வச்சிருக்காங்க பாரு” என்றார்.

மகளைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்றார். நான் கரையில் காலை நனைத்தேன். அலை அடிக்காத அந்த இடத்தில் என் பாதத்துக்குக் கீழே மணல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கரைக்கு வரவில்லை, கடலுக்குள்தான் ஓடியது. நின்ற இடத்திலேயே நான் குழிக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. ஏறி வந்து காய்ந்த மணலில் நின்றேன்.

அந்தக் குடும்பங்களில் ஒரு பெண் எங்களை நோக்கி வந்தார். என் வயதிருக்கும். கறுப்பு அபாயா இடுப்பு வரை நனைந்திருந்தது.

“தங்கச்சி, இஞ்ச ஆரும் குளிக்கிறல்ல” என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன் என் கணவர் முந்திக்கொண்டார். “ஆமாங்க, அதனாலதான் இங்கிட்டு வந்தோம். கூட்டமே இல்ல, நல்லா இருக்கு.”

அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்னது விளங்கியும் நிற்கிறார்களே என்று நினைத்திருப்பார். அவர் மரியாதைக்கு ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். திரும்பிப் போன அவர், படகு நிழலில் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம் குனிந்து ஏதோ பேசினார். அந்த ஆள் எழுந்து எங்கள் பக்கம் பார்த்தார். “போதும், மேல வாங்க” என்றேன்.

“அம்மா, என் செருப்பு” என்றாள் மகள்.

தண்ணீர் ஓரம் கழற்றி வைத்த அவளுடைய செருப்பில் ஒன்று மிதந்து போய்க்கொண்டிருந்தது. கரையோரமாகப் போகவில்லை. யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி நேரே கடலுக்குள் போனது. அவர் சிரித்துக்கொண்டு அதன் பின்னால் இரண்டெட்டு வைத்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இன்னும் ஓர் எட்டு. அதற்குப் பிறகு அவருடைய தோள் தெரியவில்லை, இரண்டு தலைகள்தான் தெரிந்தன.

திரும்பி என்னை நோக்கி நீந்தத் தொடங்கினார். நல்ல நீச்சல்காரர், கை வீச்சு வீச்சாக விழுந்தது. ஆனால் வரவர அவர் சின்னதாகிக்கொண்டு போனார். நீந்துவது என்னை நோக்கி, போவது கடலை நோக்கி. அதைப் பார்த்து விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

இனிச் சொல்வதை நான் கண்ணால் பார்த்தேன். மகள் பயத்தில் அவருடைய கழுத்தை இறுக்கிவிட்டாள். அவருடைய முகம் தண்ணீருக்குள் போனது, வந்தது, மறுபடி போனது. வெளியே வந்தபோது வாய் மட்டும்தான் திறந்திருந்தது. பிறகு அவருடைய இரண்டு கையும் கழுத்துக்குப் போயின. குளிருக்குக் கட்டின மப்ளரைக் கழற்றுவது போல அவளுடைய கைகளைக் கழற்றினார். முதலில் ஒன்று, பிறகு மற்றது. அவளை விட்டு ஓர் ஆள் நீளம் தள்ளிப் போனார். அந்த நேரம் பலகைக்காரர் இன்னும் கரையில்தான் ஓடிக்கொண்டிருந்தார். என் பக்கத்தால்தான் ஓடிப்போய்த் தண்ணீரில் பாய்ந்தார்.

என் பிள்ளை தனியாகக் கிடந்தாள். தலையைப் பின்னால் போட்டுக் கையை விரித்துக்கொண்டு கிடந்தாள். தண்ணீர் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. அந்த நேரம் நான் சாமியைக் கும்பிடவில்லை. என் கணவரை வைதேன். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது.

பலகை முதலில் அவளிடம் போனது. அவளை ஏற்றிக்கொண்டு அவரிடம் போனது. கரைக்கு நேரே வராமல் பக்கவாட்டில் போய், அலை உடைகிற வெள்ளைத் தண்ணீருக்குள் நுழைந்தது. அலை மூன்று பேரையும் அள்ளிக்கொண்டு வந்து கரையில் போட்டது.

“அலை அடிக்கிற எடம்தான் கரைக்குக் கொண்டு வரும். அலை இல்லாத எடம் உள்ளுக்கு இழுக்கும்” என்றார் அந்த இளைஞர், மூச்சு வாங்கிக்கொண்டு. எங்களைத் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் என் மகளுக்குத் தன் பிள்ளையின் உடுப்பைப் போட்டுவிட்டு, சீனி கூடப் போட்ட பிளேன்டீ கொடுத்தார். என் கணவர் உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்து முடித்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். குடும்பங்கள் எல்லாம் சுற்றி வந்து நின்றன. எப்படி நடந்தது என்று ஒருவர் கேட்டார். என் கணவருக்குப் பேச்சு திரும்பியது.

“தம்பி கிட்ட வந்த ஒடனே புள்ளயத் தூக்கி அவர் கையில குடுத்துட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்குக் கை ஓஞ்சிருச்சு” என்றார்.

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஒரு தகப்பன் இப்படித்தான் செய்வான் என்று ஒரு பெரியவர் சொன்னார். பலகைக்காரர் குனிந்து தன் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து மகளின் ஈர உடுப்பைப் பிழிந்துகொண்டிருந்தேன். கொண்டுபோன சோற்றைப் பிரிக்கவேயில்லை.

வெயில் சாய முன் காட்டு ரோட்டைத் தாண்ட வேண்டும் என்று அவர்களே எங்களை அனுப்பி வைத்தார்கள். அவர் முன்னால் ஓட்ட, நானும் மகளும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அவருடைய கழுத்தின் பின்பக்கம் மகளின் நகம் கிழித்த கோடுகள் சிவந்து தடித்திருந்தன. உப்புப் பட்டு எரிந்திருக்கும். அவர் அதைத் தொடவேயில்லை. சியம்பலாண்டுவையும் தாண்டினோம்.

“அம்மா, அப்பா என் கைய எடுத்து விட்டுட்டாரு” என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“அந்த மாமாகிட்ட குடுக்கத்தாம்மா எடுத்தாரு” என்றேன்.

“இல்லம்மா. மாமா அப்ப வரல.”

நான் அவளுடைய தலையை என் மடியில் அமுக்கினேன். தூங்கு என்று சொல்லப் போனேன்.

“ஆமா பாப்பா” என்றார் முன்னாலிருந்து. “மாமா அப்ப வரல.”

மகள் அதைக் கேட்டுக்கொண்டாள். தான் சொன்னது சரிதான் என்றாகிவிட்டது, அவளுக்கு அது போதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். மொனராகலைக்குக் கிட்ட வந்து, மலை ஏற்றம் தொடங்குகிற இடத்தில் கியரை மாற்றிவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நீ பாத்தியா?” என்றார்.

அவர் மகளின் கையை எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டு பேருமே போயிருப்பார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். மூழ்குகிறவனின் கை தானாகச் செய்கிற வேலை அது. அதுவும் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“பாத்தேன்” என்றேன்.

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். பசறை வரை ஆட்டோ முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறிக்கொண்டிருந்தது.