மதகுச் சக்கரத்தின் மேல் சித்தி

எங்கள் சித்தப்பா ஹுவோஷெங்கை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘மதகு’ என்பார்கள். ஷாவான் கரையில் மதகுக்கு அவர்தான் காவல். பன்றிக்கொழுப்பைத் தடவித் தடவி அந்த இரும்புச் சக்கரத்தைப் பளபளவென்று வைத்திருந்தார். கோபம் வந்தால் இருமுவார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சத்தம் வராது.

எங்களுடையது ஆற்றைத் தடுத்து வயல்களைக் காக்கும் சின்னக் கரை. ஆறு அளவு மீறினால் சின்னக் கரைகளெல்லாம் மதகைத் திறந்து நீரை வயலுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கீழே நகரத்துப் பெரிய கரை பிழைக்கும். பழைய ஏற்பாடு. சித்தப்பா காலத்தில் ஒருமுறைகூட நடந்ததில்லை என்பதால், இனியும் நடக்காது என்றே இருந்துவிட்டோம்.

அந்த ஆனி மழை நிற்கவே இல்லை. நெல் பால் கட்டி, மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. வட்டார அலுவலகத்திலிருந்து சித்தப்பாவின் செல்போனுக்கு உத்தரவு வந்தது: பொழுது சாய்வதற்குள் திற. ஆறு கரையின் தலைக்கு நான்கு விரற்கடைதான் கீழே. திறக்காவிட்டால் கரை தானாகவே உடையும். வயலோடு மேட்டு வீடுகளும் போகும்.

மதகடிக்கு ஓடினோம். சக்கரத்தின் மேல் குடை பிடித்தபடி சித்தி யாவ்மெய் உட்கார்ந்திருந்தாள்.

“இறங்குடி,” என்றார் சித்தப்பா.

“மாட்டேன். மொதல்ல என்னைச் சுத்துங்க, அப்புறம் சக்கரத்தைச் சுத்துங்க.”

பின்னால் ஊரே நின்றது. தாவ் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். “நம்ம ஊரு மொத பட்டதாரி வந்தாச்சு. தம்பி, மழைய நிக்கச் சொல்லேன், உன் பேச்சையாவது கேக்கும்.”

“அதுக்கு வேற படிப்பு மாமா,” என்றேன். சிரிப்பு வரவில்லை யாருக்கும்.

போன் மறுபடி அடித்தது. “திறந்தாச்சா?” சித்தப்பா இருமினார். போனைப் பையில் போட்டார். அது பைக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பெண்டாட்டி. நகர இடமில்லை அந்த மனுஷனுக்கு.

“கரை உடைஞ்சா வீடும் போயிரும், யாவ்மெய்.”

“தெரியும். நான் என்ன மக்கா? ஆனா புது அரிசி வாயில படாம நமக்கு ஒரு வருஷமும் போனதில்ல. முன்னோருக்குக் காட்டாம, நாய்க்கு வைக்காம, மொத்தத்தையும் ஆத்துக்குத் தூக்கிக் குடுப்பீங்களா?”

 பிறகு தாவ் மாமாதான் முதலில் அரிவாளோடு இறங்கினார். இடுப்பளவு சேற்றில் பச்சையும் மஞ்சளுமாகக் கதிர் அறுத்தோம். மதகறையில், அதாவது சித்தப்பாவின் காவல் அறையில், இருந்த அடுப்பில், வாணலியில் ஈரம் போக வறுத்து, கல்லில் இடித்து, உமியோடு கொஞ்சம் கஞ்சி வைத்தார்கள். ஆற்றுப்பக்கம் பார்த்து முன்னோருக்குக் காட்டினார் சித்தப்பா. அடுத்த பங்கு நாய்க்கு. ஆதி வெள்ளத்தில் நீந்தி, வாலில் ஒட்டிய நெல்லோடு கரையேறி மனிதருக்கு முதல் விதை கொடுத்தது நாய்தான் என்பது எங்கள் பக்கத்துக் கதை. அதன் பிறகே மனிதர்கள். ஆளுக்கு ஒரு வாய். பச்சை வாசனை. பல்லில் உமி குத்தியது.

“ருசியே இல்ல,” என்றாள் சித்தி. குடையை மடக்கிவிட்டு இறங்கினாள்.

சக்கரம் சுற்ற இரண்டு ஆள் வேண்டும். சித்தப்பா ஆண்களைப் பார்த்தார். எல்லோருக்கும் அந்த நேரத்தில் பார்க்க வேறு திசை கிடைத்தது. நான் கை வைக்கப் போனேன். சித்தி என்னைத் தள்ளினாள்.

“நீ போ. நாளைக்கு ஊரு ஒன்னையும் ஏசும். அந்த ஏச்சு எங்களோட நிக்கட்டும்.”

இருவரும் சுற்றினார்கள். மதகின் வாயிலேயே இருந்தது அவர்கள் வயல்; முதலில் அதுதான் போனது. தாவ் மாமா துப்பிவிட்டு மேட்டுக்கு நடந்தார். மற்றவர்களும் போனார்கள்.

மறுநாள் பரிசலில் சோறு கொண்டுபோனேன். மதகறை வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கு வரச் சொன்னேன்.

“எந்த மூஞ்சியோட?” என்றார் சித்தப்பா.

கரைக்கு இருபுறமும் நீர் ஒரே மட்டத்தில் நின்றது. எது ஆறு, எது வயல் என்று சொல்ல முடியவில்லை.