ஒரு ரெஜிஸ்டர் தள்ளி

ஆல்பனியில் நான் வேலை பார்க்கும் அலுவலகம், தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் அணியும் அபாய மணிக்கு மென்பொருள் செய்கிறது. விழுந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். கருவியின் எண்ணை வைத்து யார், எந்த வீடு என்று எங்கள் சர்வர், உதவிக்கு ஆள் அனுப்பும் கண்காணிப்பு மேசைக்குக் காட்டும். எண்ணைத் தேடும் பகுதியை, வேகத்துக்காக, கணினியின் மூளையான செயலியின் மொழியிலேயே எழுதியிருந்தாள் என் தோழி. யாழ்ப்பாணத்துப் பெண். மவுண்ட் ரோஸ்கில்லில் எனக்குப் பக்கத்துத் தெரு. தினமும் அவள் காரில்தான் வேலைக்குப் போவோம்.

போன வருடம் சர்வரை வேறு வகைச் செயலிக்கு மாற்றினார்கள். அவள் தன் பகுதியை அதற்கேற்பத் திருத்தி எழுதினாள். அவளுடைய மடிக்கணினியிலும் அதே குடும்பத்துச் செயலி. சோதனைகள் எல்லாம் அதில் தேறின. அதுவே போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மாற்றிய அன்று காலை பிளாட் புஷ் பகுதியில் ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து, பொத்தானை அழுத்தினார். மேசையில் ‘தெரியாத கருவி’ என்று மட்டும் வந்தது. பெயர் இல்லை, முகவரி இல்லை. எங்களுக்குத் தகவல் வந்ததும் பழைய சர்வருக்குத் திரும்பினோம். ஆனால் அந்த அழைப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எண் சிதைந்தே பதிவாகியிருந்தது. மாலையில் வேலை முடிந்து எட்டிப் பார்க்க வந்த மகள்தான் அவரைக் கண்டாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் நாங்கள் இருவரும் அமர்ந்து தேடினோம்.

“அக்கா, என்ர லாப்டொப்பில சரியாத்தான் வருது. இஞ்சை பாருங்கோ.”

சரியாகத்தான் வந்தது. அதையே புதிய சர்வரில் ஒவ்வோர் அடியாக ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. கருவியின் எண் மிகப் பெரியது. செயலிக்குள் இருக்கும் சிறு அறையான ரெஜிஸ்டர் ஒன்றில் அடங்காது. அதனால், நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்த இரண்டில் வைக்கும். அறைகளின் எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். பூஜ்யத்தில் அழைப்பின் வகை. ஒன்றிலும் இரண்டிலும் கருவியின் எண் வரும் என்று அவள் எழுதியிருந்தாள். மடிக்கணினியில் அப்படித்தான் வந்தது. சர்வரின் கம்பைலரோ, இவ்வளவு பெரிய எண்ணை இரட்டைப்படை எண்ணுள்ள அறையில்தான் தொடங்கும். ஒன்றைக் காலியாக விட்டு, இரண்டிலும் மூன்றிலும் வைத்திருந்தது. அவளுடைய நிரல் அந்தக் காலி அறையில் கிடந்த பழைய குப்பையை எடுத்துப் படித்திருக்கிறது.

“அப்ப சர்வர்தான் பிழையோ?”

“இல்லம்மா. அதுதான் பொது விதி. உன் லாப்டாப் செஞ்சவங்க அத வேண்டாம்னு விட்டுட்டாங்க. அவங்க ஆவணத்துலயே ஒரு வரி போட்டிருக்காங்க.”

“ஒரு வரி,” என்றாள்.

சில அறை எண்களை மாற்றியதும் சரியாகிவிட்டது. கூட்டத்தில் மேலாளர் தனிமனிதத் தவறு இல்லை, நடைமுறைத் தவறு என்றார். உண்மையும் அதுதான். அவள் தலையாட்டினாள். வீடு திரும்பும்போது பாலத்தில் நெரிசல். கார் நகரவே இல்லை.

“அவர் ஏன் அக்கா பட்டனைத் திரும்ப அமத்தேல்லை?”

மகள் சொன்னதை மேலாளர் என்னிடம் சொல்லியிருந்தார். மறைத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது.

“ஆள் வந்துக்கிட்டிருக்காங்கன்னு நெனச்சிருக்கார். தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டாராம்.”

முன்னால் இருந்த கார் நகர்ந்த பிறகும் அவள் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

சில மாதங்களில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். இணையப் பக்கங்களுக்கு வண்ணமும் எழுத்துருவும் பார்க்கும் வேலை. பிழை வந்தால் படம் இடம் மாறும், அவ்வளவுதான் என்றாள். அவளளவு தேர்ந்த கை எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் தெருமுனை டெய்ரிக் கடையில் அவளைப் பார்த்தேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“இப்ப சோதனை எல்லாம் சர்வரிலயே ஓடுதோ?”

“ஆமா.”

“ஒவ்வொரு முறையுமோ, அக்கா?”

“ஒவ்வொரு முறையும்.”

“ஓம், நல்லது,” என்றாள். எதை வாங்க வந்தாள் என்பதை மறந்தவள்போல் பால் போத்தல்களின் முன் வெகுநேரம் நின்றாள்.