முதுநகர் ஏரோப்ளேனும் குமரவேல் அண்ணனும்

செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது கைபேசி அடித்தது. "சார், அவரு போயிட்டாரு" என்றார் சரோஜா அம்மாள். அவருடைய கணவர், படகு எஞ்சின் மெக்கானிக் குமரவேல் அண்ணன், மறைந்துவிட்டார். அன்று வாய்விட்டு அழுதேன். இதை எழுதும் இன்று கோபம்தான் மிஞ்சியிருக்கிறது.

முதுநகரில் அவர் வாடகைக்குப் பிடித்த பழைய கிடங்கில்தான் அந்த ஏரோப்ளேன் கிடந்தது. மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டை இறக்கை, மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. வெள்ளைக்காரர் காலத்தில் பணக்காரர்கள் பொழுதுபோக்காகப் பறந்த வகை. கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த என்னை அவரே தேடி வந்து, "சார், இதுக்கு ஒரு சரித்திரம் எழுதுங்க" என்றார். மட்கிய சட்டங்களை மாற்றி, துணி தைத்து, செத்துக் கிடந்த எஞ்சினை உறும வைத்தவர் அவர். விமானத்தைத் தொடுமுன் செருப்பைக் கழற்றிவிடுவார்.

இந்தக் கரைக்கு அப்படி இரண்டு விமானங்கள், வேறு வேறு ஆட்களுடையவை, வந்தன. ஒன்று கடலில் விழுந்தது. மிஞ்சியது யாருடையது என்று சொல்ல, எண் பொறித்த பித்தளைத் தகடு வேண்டும். "அது நான் வர்றதுக்கு முன்னாடியே காணாம போச்சு சார்" என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராகத் தேடினேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கப்பல் வியாபாரி ஒருவரின் மகள், வயது முதிர்ந்தவர். "எங்க வாப்பா ஓட்டுனதா அது? அதுதான்னா ஒருக்கா தொட்டுப் பாக்கணும்" என்று கேட்டு, தந்தையின் விமான எண்ணையும் குறித்திருந்தார். அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "ஆதாரமில்லாம எப்படி சார் சொல்றது?" என்றார். அப்படியே பதில் எழுதினேன். அந்த அம்மாள் வரவில்லை. போன வருடம் காலமானார்.

அண்ணனுக்குப் பால் தெளித்த அன்று, சரோஜா அம்மாள் பூஜை அறையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து வந்தார். சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. ஏதோ சாமித் தகடு என்று நினைத்து, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதன் முன்னால் நின்றுதான் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறேன்.

"நம்பர் தெரிஞ்சா உடமைக்காரங்க வந்து கேப்பாங்கன்னு பயந்தாரு சார். சாவுறதுக்கு முன்னாடிதான் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

சந்தனத்தைச் சுரண்டினேன். பரங்கிப்பேட்டை அம்மாள் எழுதிய அதே எண்.

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள், அண்ணே. பொய் சொன்னது நீங்கள், கையெழுத்துப் போட்டது நான். தகட்டை விமானத்தில் அதன் இடத்தில் வைத்து, நானே திருகாணியை முடுக்கிவிட்டேன். புத்தகத்தில் உங்கள் உழைப்பையும் எழுதுவேன், இதையும் எழுதுவேன்.

போய் வாருங்கள். அங்கே அந்த அம்மாளைப் பார்த்தால், நம்பரை நீங்களே சொல்லிவிடுங்கள்.