கண்காட்சியில் மிஞ்சிய வீடு

கண்டியில் அந்தப் பெரிய கண்காட்சி வைத்தபோது வடக்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் வைத்தார்களோ என்னவோ. பல நாட்டுக்காரர்கள் வருவார்கள், இங்கே எல்லாம் நன்றாக இருப்பதைப் பார்த்துப் போவார்கள் என்று பேச்சு. பேராதனை வீதியோரத்துத் திடலில் நாட்டுக்கொரு மண்டபம் எழுந்தது. முன்னால் வளைவும் கோபுரமும். பின்னால் போனால் பலகையும் சாக்கும். நடைபாதை வியாபாரிகளை விரட்டினார்கள். அதில் நானும் ஒருவன். விரட்டியவர்களிடமே வேலை கேட்டுப் போனேன். அங்கேதான் சோறு இருந்தது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான மாதிரி வீடு ஒன்றைக் கட்டும் வேலையை அக்குறணைக் கொந்தராத்து முதலாளி ஒருவர் ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார். கொத்து வேலைக்கு மேசன் பாஸ் ஒருவரைத் தேடினார். அக்காவின் புருஷனைக் கூட்டி வந்தேன். தெல்தோட்டையில் அவர்கள் இருந்த லயக் குடியிருப்பு கலவரத்தில் எரிந்துபோய், அக்கா கைப்பிள்ளையோடு ஒரு கோயில் மண்டபத்தில் கிடந்தாள். திருவிழா வருகிறது, காலி செய்யுங்கள் என்று அங்கேயும் சொல்லியாயிற்று.

“கொஞ்ச நாள் நிக்கிற வூடு பாஸ். பலகைய அடிச்சு, சுண்ணாம்பப் பூசி விடுங்க” என்று சொல்லிவிட்டு முதலாளி கொழும்புக்குப் போனார்.

மச்சானுக்கு அப்படிக் கட்டத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் நல்ல நேரம் பார்த்து, வாசல் நிலைக்கு மஞ்சள் பூசி, கும்பிட்டு நிறுத்தினார். நிலை வைத்த பிறகு அவருக்கு அது வீடாகிவிட்டது. அத்திவாரம் தோண்டிக் கருங்கல் போட்டார். சுவர் எழுப்பினார். அடுப்படிக்குப் புகைபோக்கிகூட வைத்தார்.

திரும்பி வந்த முதலாளி தலையில் கை வைத்தார். “என்ன பாஸ் இது? நான் கேட்டது படம். நீங்க கோட்டையல்லவா கட்டி வெச்சீக்கிறீங்க.”

“நெல வச்சுக் கும்புட்டாச்சுங்க முதலாளி. பொறகு பொய்யாக் கட்டுனா வீட்டுக்காரங்களுக்கு ஆகாது.”

“வூட்டுக்காரங்களா? அது யாரு?”

மச்சான் சாந்துக் கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

கண்காட்சி தொடங்கியதும் கொழுந்துக் கூடையோடு வாசலில் நிற்க ஒரு பெண் தேவைப்பட்டது. அக்கா நின்றாள். சமைத்ததும் பிள்ளையைத் தூங்கப் போட்டதும் அங்கேயே. அடுப்புப் புகையைப் பார்த்துச் சனம் கைதட்டியது. கொழும்பு அம்மா ஒருவர், “இதெல்லாம் முடிஞ்சதும் எங்க போய்ப் படுப்பீங்க?” என்று கேட்டார்.

“இங்கதாங்க.”

“நல்லா நடிக்கிறா” என்றார் அந்த அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம்.

எல்லாம் முடிந்தது. நாடுகளெல்லாம் ஒரே பகலில் சரிந்தன. அக்கா சட்டிபானையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். போக இடமில்லை. இடிக்க வந்த இரண்டு பேர் சம்மட்டியால் பின்சுவரை அடித்தார்கள். சுண்ணாம்பு மட்டும் உதிர்ந்தது. மாறி மாறி அடித்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார்கள். மச்சான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

திடலுக்குப் பொறுப்பான சிங்கள அதிகாரியிடம் முதலாளி வெகுநேரம் பேசினார். கண்காட்சிக்காகப் பூட்டிய தண்ணீர் மோட்டரை நகரத்துக்கென்று விட்டுப் போகிறார்களாம். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முதலாளி மச்சானைக் கைகாட்டினார். அதிகாரி பிள்ளையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

“மாத்தயா இரிக்கச் சொல்றாரு” என்றார் முதலாளி, ஜீப் போன பக்கம் கையைக் காட்டி.

அக்கா நம்பவில்லை. “எத்தன நாளைக்குங்க?”

“இத ஒடைக்க ஏலுமான நாள் வரைக்கும்.”

மச்சான் அப்போதுதான் சிரித்தார். அந்த மோட்டர் தண்ணீர் பிறகு எத்தனையோ வீடுகளுக்குப் போனது. திடலைச் சுற்றிப் போட்ட தார் வீதியில் இன்றைக்கும் பஸ் ஓடுகிறது. கண்காட்சியால் என்ன மிஞ்சியது என்று யாராவது கேட்டால் இவற்றைத்தான் சொல்வார்கள்.

அக்கா மூட்டையை உள்ளே வைத்தாள். பார்க்க வருகிற சனத்துக்காக இவ்வளவு நாளும் திறந்தே கிடந்த கதவைப் பட்டப்பகலில் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். சாயங்காலம்வரை திறக்கவில்லை. பிள்ளையோடு நன்றாகத் தூங்கிவிட்டாள்.